கப்போர்டுக்குள்ள ஒரு மழைக்காலம்

போன எபிசோட் முடிவுல ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: உங்க பெட்ரூம் கப்போர்டைத் திறந்தா முதல்ல என்ன வாசனை வருது? படூர், கேளம்பாக்கம், திருப்போரூர், கோவளம்னு நம்ம பக்கத்துலேர்ந்து நிறைய வாய்ஸ் நோட் வந்துச்சு. பாதிப் பேர் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தீங்க. முக்கல் வாடை. கருப்பு பேன்ட்ல வெள்ளைப் புள்ளி, லெதர் பெல்ட்ல பச்சைப் பொடி, ரிசப்ஷனுக்குத் தைச்ச கோட்டோட காலர்ல சாம்பல் கலர் பஞ்சு. ஒருத்தர் தன்னோட டிகிரி சர்ட்டிஃபிகேட் ஃபைலே பூத்துப்போச்சுனு சொல்லியிருந்தார்.

இன்னைக்கு அந்தப் பூஞ்சையைப் பத்தித்தான் பேசப்போறேன். இன்டீரியர் டிப்ஸ் எபிசோட்னு நினைச்சு ஸ்கிப் பண்ணிடாதீங்க. இதுல ஒரு நோயாளி இருக்கார், ஒரு ஹவுஸ் ஓனர் இருக்கார், ஒரு அட்வான்ஸ் தொகையும் இருக்கு.

நான் இருக்கறது ஈ.சி.ஆர்.ல, மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. கடல்லேர்ந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள ஒரு வாடகை ஃப்ளாட். நானும் என் காலேஜ் நண்பனும். அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்து வீசிங். நவம்பர் வந்தா கொஞ்சம் அதிகமாகும், அது பழகின விஷயம். ஆனா இந்த முறை ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார ஆரம்பிச்சான். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வெச்சுட்டு முதல்ல கேட்டது, "தூங்கற ரூம்ல எங்கயாவது பூஞ்சை இருக்கா?"

இருந்துச்சு. அவன் கட்டிலுக்கு மூணு அடி தள்ளி, சுவரோட சேர்த்துக் கட்டின கப்போர்டு. கடப்பாக் கல் தட்டு, ப்ளைவுட் பின்பலகை, லேமினேட் கதவு. உங்க வீட்டுலயும் அனேகமா அதேதான். கீழ்த்தட்டுலேர்ந்து பொருளை எடுத்துட்டு டார்ச் அடிச்சா, பின்பலகை முழுக்கக் கருப்புப் பூ.

பயமுறுத்தறது என் நோக்கம் இல்ல. இணையத்துல 'கருப்புப் பூஞ்சைன்னா விஷம்'னு வர்ற வீடியோவை எல்லாம் அப்படியே நம்பாதீங்க. கலரைப் பார்த்து எந்தப் பூஞ்சை, எவ்வளவு ஆபத்துனு சொல்ல முடியாது. ஆனா உலக சுகாதார நிறுவனம் 2009-ல வெளியிட்ட வழிகாட்டில ஒரு விஷயம் தெளிவா இருக்கு: ஈரமும் பூஞ்சையும் இருக்கற வீட்டுல வாழறவங்களுக்கு ஆஸ்துமா, இருமல், மூச்சுப் பிரச்சினை அதிகம். நல்லா இருக்கறவனுக்குத் தும்மலோட போயிடலாம். வீசிங் இருக்கறவனுக்கு அப்படிப் போகாது.

இங்கிலாந்துல ராச்டேல்னு ஒரு ஊர். அங்க அவாப் இஷாக்னு ரெண்டு வயசுக் குழந்தை 2020 டிசம்பர்ல இறந்துபோச்சு. 2022 நவம்பர்ல விசாரணை அதிகாரி சொன்ன காரணம், வீட்டுப் பூஞ்சையை நீண்ட நாள் சுவாசிச்சதால வந்த மூச்சுக் கோளாறு. அந்தக் குழந்தையோட அப்பா 2017-லயே வீட்டு நிர்வாகத்துக்கிட்ட புகார் சொல்லியிருந்தார். அவருக்குக் கிடைச்ச பதில், 'மேல பெயின்ட் அடிச்சுக்கோங்க'. இப்போ அங்க அந்தக் குழந்தை பேர்லயே ஒரு சட்டம் இருக்கு. சமூகக் குடியிருப்புல பூஞ்சைப் புகார் வந்தா இத்தனை நாளைக்குள்ள வந்து பார்க்கணும், சரிசெய்யணும்னு கெடு வைக்கிற சட்டம்.

அந்தப் பெயின்ட் பதில் என் வாட்ஸ்அப்லயும் வந்துச்சு. ஃபோட்டோ அனுப்பினதுக்கு ஓனர் சொன்னது: "தம்பி, நீங்க ஏ.சி.யைப் போட்டுக் கதவைச் சாத்தியே வெக்கறீங்க, துணிய உள்ளயே காயப்போடறீங்க. ஜன்னலைத் திறந்து வைங்க, எல்லாம் சரியாயிடும். காலி பண்றப்ப அட்வான்ஸ்ல புடிச்சுக்கிட்டுப் பெயின்ட் அடிச்சுக்கறேன்." அவர் மோசமான மனுஷன் இல்ல. பத்து வீட்டுக்காரர்ல ஒன்பது பேர் இதைத்தான் சொல்வாங்க. இதுல பாதி உண்மையும் இருக்கு. எந்தப் பாதி உண்மைனு கண்டுபிடிக்கறதுதான் வேலை.

நான் சாஃப்ட்வேர்காரன். ஒரு பக் வந்தா முதல்ல லாகைப் பார்ப்போம், கோடைப் பிறகுதான் தொடுவோம். இங்கயும் அதேதான். பூஞ்சை வளர நாலு விஷயம் வேணும். வித்து, சாப்பாடு, கதகதப்பு, தண்ணி. வித்து காத்துல எப்பவும் மிதந்துக்கிட்டே இருக்கு, அதைத் தடுக்க முடியாது. சாப்பாட்டுக்கு ப்ளைவுட், தூசி, துணில இருக்கற கஞ்சி, வியர்வைப் பிசுக்கு, செருப்புத் தோல்னு எது கிடைச்சாலும் போதும். கதகதப்பைப் பத்தி நம்ம ஊர்ல பேசவே வேண்டாம். மிச்சம் தண்ணி ஒண்ணுதான் நம்ம கைல இருக்கு. அதனால "பூஞ்சையை எப்படித் துடைக்கறது"ங்கறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?

அதுக்கு ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கினேன். சில நூறு ரூபாய்தான். விலை குறைஞ்ச மீட்டரை நம்பலாமானு கேப்பீங்க. அதுக்குச் சமையலறையிலயே ஒரு பரிசோதனை இருக்கு. ஒரு மூடில கொஞ்சம் உப்பு, அதுமேல சில சொட்டுத் தண்ணி. கரையக் கூடாது, ஈர மணல் மாதிரி இருந்தா போதும். அதையும் மீட்டரையும் ஒரு டப்பாக்குள்ள வெச்சு இறுக்கி மூடி ஒரு ராத்திரி விடுங்க. காலைல மீட்டர் 75 சதவீதம் காட்டணும். என்னோடது 78 காட்டுச்சு. அப்போ எப்பவும் 3 கழிச்சுப் படிக்கணும், அவ்வளவுதான்.

இந்த 75-ங்கற எண் நம்ம கடற்கரைக்கு ரொம்ப முக்கியம். காத்துல ஈரம் அதைத் தாண்டினா உப்பு காத்துலேர்ந்து தண்ணியை இழுக்க ஆரம்பிக்கும். மழைக்காலத்துல உப்பு ஜாடி கசியறது அதனாலதான். இதே உப்பு சுவருக்குள்ள இருந்தா? உப்புத் தண்ணில கலவை போட்ட சுவர், கழுவாத மணல்ல பூசின சுவர், தினமும் கடல்காத்து படற சுவர், இதெல்லாம் குழாய் எதுவும் கசியாமலே ஈரமாகும். காஞ்சதும் வெள்ளையா உப்புப் பூக்கும், பெயின்ட் பொரிஞ்சு உதிரும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில்ல கல்லையே அரிக்கறது இந்த உப்புதான். அங்க தொல்லியல் துறைக்காரங்க காகிதக் கூழை ஈரமா சிற்பத்து மேல அப்பி, அது காயறப்ப கல்லுக்குள்ள இருக்கற உப்பை வெளிய இழுத்து எடுப்பாங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேல நிக்கற கருங்கல்லுக்கே அந்த நிலைமை. நம்ம சிமென்ட் பூச்சு எம்மாத்திரம்!

சரி, மீட்டர் என்ன சொல்லுச்சு? நவம்பர் நடுவுல, ஏ.சி. போடாத சாயங்காலம், ரூம்ல 82 சதவீதம். மூடின கப்போர்டுக்குள்ள 89. ஏ.சி.யை 24-ல வெச்சு மூணு மணி நேரம் ஓடவிட்டேன். ரூம் 58-க்கு இறங்கிடுச்சு. கப்போர்டுக்குள்ள? இன்னும் 84.

இங்கதான் 'ஜன்னலைத் திற'ங்கற அறிவுரை மாட்டிக்குது. கூகுள்ல தேடினா முதல்ல வர்றதும் அதுதான். ஆனா அந்தப் பக்கங்களை எழுதினவங்க பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரங்க. அங்க குளிர்காலத்துல வெளிக்காத்துல தண்ணியே குறைவு. உள்ள விட்டா வீடு காயும். நம்ம ஈ.சி.ஆர். காத்து அப்படியா? 30 டிகிரில 75 சதவீத ஈரம் இருக்கற காத்தை எடுத்துக்கோங்க, நமக்கு ரொம்பச் சாதாரணமான நாள். அந்தக் காத்து 25 டிகிரிக்கு இறங்கினாலே தண்ணியா மாறிடும். அதைத்தான் பனிநிலைனு ஸ்கூல்ல படிச்சோம். ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடி 24 டிகிரிக்குக் குளிர்ந்த சுவர் உங்க ரூம்ல இருக்கு. காலைல எழுந்ததும் ஏ.சி.யை நிறுத்தி, 'நல்ல காத்து வரட்டும்'னு ஜன்னலைத் திறந்தா, அந்தக் கடல்காத்து குளிர்ந்த சுவர்ல பட்டு வியர்க்கும். ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த பாட்டில் வியர்க்குதே, அதேதான்.

முத்து முத்தா தண்ணி நிக்கணும்னு அவசியமும் இல்ல. சுவர் ஒட்டின காத்துல ஈரம் 80 சதவீதத்துக்கு மேல நாள்கணக்கா நின்னா பூஞ்சைக்குப் போதும். ரூம் காத்து 30 டிகிரி, 70 சதவீதம்னு வைங்க, கேக்க சுமாரா இருக்கு. சுவர் அதைவிட வெறும் நாலு டிகிரி குளிர்ச்சியா இருந்தா, சுவர்கிட்ட அது கிட்டத்தட்ட 88 ஆயிடும். பக்கத்து ஃப்ளாட்காரர் அந்தச் சுவருக்கு அந்தப்புறம் 18-ல ஏ.சி. போட்டுத் தூங்கினாலும் உங்க கப்போர்டு பூக்கும்.

அப்போ ஓனர் சொன்னது சரியா? நாங்கதான் காரணமா? அதை முடிவு பண்ண ஒரு அலுமினியம் ஃபாயில் டெஸ்ட் இருக்கு. சப்பாத்தி சுத்தற ஃபாயில்தான். சுவரைத் துடைச்சு, ஒரு அடிக்கு ஒரு அடி ஃபாயிலை நாலு பக்கமும் காத்து புகாம டேப் போட்டு ஒட்டணும். ரெண்டு நாள் விடணும். ஃபாயிலோட நம்ம பக்கம் ஈரமா இருந்தா, தண்ணி ரூம் காத்துலேர்ந்து வருது. சுவர்ப் பக்கம் ஈரமா இருந்தா, தண்ணி சுவருக்குள்ளேர்ந்து வருது.

பின்பலகையில ஒரு பாகத்தைக் கழட்டி, மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, தரைகிட்ட ஒண்ணுனு மூணு இடத்துல ஒட்டினேன். மேல இருந்ததுல ரெண்டு பக்கமும் காய்ஞ்சிருந்துச்சு. நடுவுல வெளிப்பக்கம் லேசா மங்கலா ஈரம். தரைகிட்ட இருந்ததைப் பிரிச்சா, சுவர்ப் பக்கம் தண்ணி கோடா வழிஞ்சது. அந்தச் சுவருக்குப் பின்னாடி என்ன இருக்கு? எங்க ரூமோட அட்டாச்டு பாத்ரூம். குளிக்கற இடம் சரியா கப்போர்டுக்கு முதுகுப் பக்கம்.

இது நம்ம ஃப்ளாட்கள்ல சகஜமான ப்ளான். இடம் மிச்சம்னு பாத்ரூம் சுவர்லயே கப்போர்டு கட்டிடறாங்க. டைல்ஸ் இடுக்குல அடைச்ச வெள்ளை சிமென்ட் நாலஞ்சு வருஷத்துல கரைஞ்சு போகும். தினமும் ரெண்டு பேர் குளிக்கற தண்ணில கொஞ்சம் அந்த இடுக்கு வழியா இறங்கும், சுவர் அதை உறிஞ்சி அடி ரெண்டு அடிக்கு மேல ஏத்தும். எங்க அம்மா இதை ஓதம்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டாங்க. ப்ளம்பர் அண்ணன் வந்து நானி ட்ராப்பை அடைச்சு, தரைல ரெண்டு இஞ்ச் தண்ணி கட்டி, ஒரு நாள் விட்டார். தண்ணி மட்டம் இறங்கிடுச்சு.

அம்மானு சொன்னதும் இன்னொண்ணு. எங்க வீடு செங்கல்பட்டு டவுன்ல, கொளவாய் ஏரிக்காத்து வர்ற தெரு. அங்கயும் ஈரம் கம்மி இல்ல. ஆனா அம்மா பீரோவுல பூஞ்சை வந்து நான் பார்த்ததில்ல. 'அந்தக் காலத்துப் பொருள் அப்படி'னு பெரியவங்க சொல்லுவாங்க. எனக்கு அதைவிட எளிமையான காரணம் தெரியுது. அந்த வீட்டுல ஏ.சி. இல்ல, அதனால சுவரும் காத்தும் ஒரே சூட்டுல இருக்கு. இரும்பு பீரோ காலு மேல நிக்குது, சுவர்லேர்ந்து ஒரு சாண் தள்ளி. பின்னாடி காத்து ஓடும். அப்புறம் போகி. வடகிழக்குப் பருவமழை விடைபெறுற நேரமும் போகி வர்ற நேரமும் ஏறக்குறைய ஒண்ணுதான். அம்மா அன்னைக்கு பீரோவை மொத்தமா காலி பண்ணி, பட்டுப் புடவையை நிழல்ல உலர்த்தி, மடிப்பு மாத்தி அடுக்குவாங்க. பழசைக் கொளுத்தறது மட்டும்தான் போகினு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம்.

இனி துடைக்கற கதை. இதைச் சீக்கிரம் சொல்லிடறேன். முதல்ல வீசிங் இருக்கற ஆளை வெளிய அனுப்புங்க. என் நண்பனை ரெண்டு நாள் அவன் அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். என்95 மாஸ்க், கையுறை. காஞ்ச பூஞ்சையைப் பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க, வித்து ரூம் முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணில நனைச்ச துணியால துடைச்சு, அந்தத் துணியையும் கவர்ல கட்டித் தூக்கிப் போடுங்க. கல், லேமினேட், கண்ணாடியில பூஞ்சை இப்படியே போயிடும். உப்பிப்போன ப்ளைவுட்ல போகாது, அது உள்ள இறங்கியிருக்கும். அந்தப் பலகையை மாத்தணும். ப்ளீச் ஊத்தினா கலர்தான் போகும். இது ரொம்ப முக்கியம்: ப்ளீச்சையும் டாய்லெட் கழுவற ஆசிட்டையும், இல்ல ப்ளீச்சையும் வினிகரையும் சேர்க்கவே சேர்க்காதீங்க. குளோரின் வாயு வரும், மூடின ரூம்ல அது உயிருக்கே ஆபத்து.

சாம்பிராணி வாடையை மறைக்கும், பூஞ்சையைக் கொல்லாது. வீசிங்காரங்களுக்குப் புகை வேற கேடு. அந்துருண்டை பூச்சிக்கு, பூஞ்சைக்கு இல்ல. பச்சைக் குழந்தை இருக்கற வீட்டுல நாப்தலின் உருண்டையே வேண்டாம். சில குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுவை உடைச்சுடும். ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்டைச் சேர்த்து வெச்சு கப்போர்டுல போடறவங்க நிறைய. ஒரு கிராம் பாக்கெட் அரை கிராம் தண்ணிகூட இழுக்காது. ஒரு லோடு ஈரத்துணி ரூமுக்குள்ள காஞ்சா ஒண்ணரை, ரெண்டு லிட்டர் காத்துல கலக்கும். கணக்கு எங்க இடிக்குதுனு பாருங்க. ஓனர் சொன்ன அந்தப் பாதி உண்மை இதுதான்.

நம்மகிட்ட ஏற்கனவே இருக்கற பெரிய ஈரம் இழுக்கற மெஷின் ஏ.சி.தான். டியூப்ல சொட்டற தண்ணிக்கு ஒரு ராத்திரி பக்கெட் வெச்சேன். எட்டு மணி நேரத்துல அரைப் பக்கெட்டுக்கு மேல. அவ்வளவும் ரூம் காத்துல இருந்த தண்ணி. அதனால இப்போ எங்க வீட்டுப் பழக்கம் ஊர் உலகத்துக்குத் தலைகீழ். ஏ.சி. ஓடறப்ப கப்போர்டு கதவைத் திறந்து வைப்போம், அது உள்ள காயும். ஏ.சி.யை நிறுத்தினதும் கதவைச் சாத்திடுவோம். ஜன்னலை உடனே திறக்க மாட்டோம். ஃபேனைப் போட்டு ஒரு மணி நேரம் சுவர் சூடேற விட்டு, அப்புறம்தான் திறப்போம். துணியைப் பின்சுவர்ல ஒட்டாம நாலு விரல் தள்ளி அடுக்கறோம். ரெண்டே நாள்ல உள்ள 84 இருந்தது 66 ஆச்சு. 60-க்குக் கீழ வந்தா நிம்மதி. தரைகிட்ட மட்டும் இறங்கவே இல்ல, ஏன்னா அது பாத்ரூம் தண்ணி. எத்தனை ஏ.சி. ஓடினாலும் அதுக்குக் கொத்தனார்தான் வரணும்.

மூணு ஃபாயில் ஃபோட்டோ, தண்ணி கட்டின ஃபோட்டோ, மீட்டர் படம், எல்லாத்தையும் ஓனருக்கு அனுப்பினேன். கூடவே ஒரு தகவல். தமிழ்நாட்டுல 2017-ல இயற்றி, 2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் இருக்கு. அதோட அட்டவணையில எந்தப் பழுது யாரோட பொறுப்புனு பிரிச்சே போட்டிருக்காங்க. குழாய் வாஷர் மாத்தறது, சாக்கடை அடைப்பு எடுக்கறது மாதிரி சின்ன வேலை வாடகைதாரருக்கு. கட்டுமானப் பழுது, வெள்ளையடிக்கறது, தேவைப்பட்டா குழாய் மாத்தறது உரிமையாளருக்கு. இதை மிரட்டலா அனுப்பலை. 'அங்கிள், நீங்களே ஒரு தடவை வந்து பாருங்க'னு கீழ எழுதியிருந்தேன்.

வந்தார். குனிஞ்சு சுவர்ல கைய வெச்சார். ரொம்ப நேரம் எதுவும் பேசலை. "மேல் வீட்டுலயும் இதே ப்ளான்தான்பா, அங்க ஒரு கைக்குழந்தை இருக்கு"னு மட்டும் சொன்னார். அடுத்த வாரம் ரெண்டு பாத்ரூம்லயும் டைல்ஸ் இடுக்கைச் சுரண்டி எடுத்து எப்பாக்ஸி அடைச்சாங்க. சுவர் முழுசா காய ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அதுவரைக்கும் பெயின்ட் வேண்டாம்னு சொல்லி நிறுத்தி வெச்சோம். ஈரச் சுவர்ல எந்தப் பூஞ்சைத் தடுப்புப் பெயின்ட் அடிச்சாலும் பொரிஞ்சுதான் வரும். புதுப் பின்பலகைக்கு யார் காசு கொடுக்கறதுனு இன்னும் பேசிக்கிட்டிருக்கோம்.

நண்பனுக்கு எப்படி இருக்குனு கேப்பீங்க. ராத்திரி எழுந்திருக்கறது நின்னுடுச்சு. பூஞ்சை போனதாலயா, மழை விட்டதாலயானு கேட்டா, ரெண்டும் ஒரே மாசத்துல நடந்துச்சு, பிரிச்சுச் சொல்ல முடியாது. மீட்டரை கப்போர்டுக்குள்ளயே விட்டு வெச்சிருக்கேன். வர்ற நவம்பர்ல பார்ப்போம். உங்க வீட்டு ஃபாயில்ல எந்தப் பக்கம் ஈரம்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க.